அரை கிளாஸ்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு பீர்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் ஹாலுக்குள் நுழைந்தால், முன்வரிசையில் என் மனைவி ராமலட்சுமி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் தம்பி பெரியமுத்து. முந்தின நாள்தான் கம்பத்திலிருந்து வந்திருந்தான். அவனை யாரோ டாக்டரிடம் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு எனக்கு முந்திய பஸ்ஸில் கிளம்பியிருந்தாள்.

“நீங்க எங்கிட்டு இங்க? யோகத்துக்குல்ல போறேன்னீங்க?”

“இதான் யோகம்” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. கூட்டத்துக்கு மலையாளத்தில் யோகம் என்று பெயர். எங்கள் எஸ்டேட் தமிழர்களும் யூனியன் கூட்டத்தை அப்படித்தான் சொல்வோம். இந்த ஹால் கதவில் ஒட்டியிருக்கும் தாளிலும் ‘குடி நிறுத்தியவர்களின் யோகம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. அவள் யூனியன் என்று நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய? இப்படித்தான் பத்து வாரமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளிடம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. குடியை விடுகிறேன் என்று மாரியம்மன் கோயிலில் மூன்று முறை கயிறு கட்டியவன் நான். முதல் கயிறு ஒன்பது நாள் தாங்கியது. மூன்றாவது கயிறு மதியச் சாப்பாட்டைக்கூடப் பார்க்கவில்லை. நாலாவது முறையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. குடலில் புண், டாக்டர் வேண்டாமென்றுவிட்டார் என்று சொல்லி வைத்தேன். “சரி” என்றாள். அவ்வளவுதான்.

ரத்த அழுத்தம் பார்க்க எங்கள் லயத்து வீடுகளுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் ஷீனாதான் இந்த இடத்தின் விலாசத்தை ஒரு மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி எனக்குக் கொடுத்தாள். இப்போது ராமலட்சுமியின் கையிலும் அதே கையெழுத்தில் ஒரு சீட்டு. தம்பிக்காக வாங்கியிருக்கிறாள். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. அவளைக் கும்பிடுவதா திட்டுவதா என்று தெரியவில்லை.

பெரியமுத்துவின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. கூட்டத்தை நடத்தும் ஜோஸ் சேட்டன் அவனுக்கு அரை கிளாஸ் தேநீர் கொடுத்தார். புதிதாக வருகிறவர்களுக்கு எப்போதும் அரை கிளாஸ்தான். நிறைய ஊற்றினால் தளும்பிவிடும், நாலு பேர் முன்னால் அவமானமாகிவிடும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பத்தொன்பது வருடமாகக் குடிக்காதவர். அவருக்குத் தெரியாததா?

இங்கே ஒவ்வொருவரும் எழுந்து தான் யார் என்று சொல்ல வேண்டும். யாரும் குறுக்கே பேசக் கூடாது. நான் பத்து ஞாயிறாக மலையாளத்தில் சொல்லியிருக்கிறேன். “ஞான் சந்தனம். ஞானொரு மத்யபானியாணு.” சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. மத்யபானி என்றால் மது அருந்துகிறவன். ரேஷன் கார்டில் எழுதுகிற சொல் மாதிரி. யாருக்கோ உள்ளது. தமிழில் உள்ள சொல்தான் எனக்குள்ளது. எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி ராமலட்சுமி அலறிய சொல். பள்ளிக்கூடத்தில் என் மகள் மோனிஷாவின் காதில் விழுந்த சொல். அதை நான் ஒருநாளும் என் வாயால் சொன்னதில்லை.

ஜோஸ் சேட்டன் என் பக்கம் திரும்பினார். “சந்தனம், இன்னு தமிழில் பறயாமோ? ஆ அனியனு மலையாளம் அறியில்ல.”

அந்தத் தம்பிக்கு மலையாளம் தெரியாதாம், தமிழில் சொல்ல வேண்டுமாம். அவன் யார், அவன் பக்கத்தில் இருப்பவள் யார் என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்.

எழுந்தேன். கதவு பக்கத்திலேயே இருந்தது. அவசர வேலை என்று சொல்லிப் போய்விடலாம். போனால் என் கால்கள் பஸ் ஸ்டாண்டோடு நிற்காது, அதைத் தாண்டியுள்ள கள்ளுக்கடை வரை போகும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பயமாக இருந்தது.

பெரியமுத்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ராமலட்சுமி பார்க்கவில்லை. சீட்டை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள்.

“எம் பேரு சந்தனம்” என்றேன். “நான் ஒரு குடிகாரன்.”

ஏதாவது சொல்லி முடிக்க வேண்டுமே என்று, “குடிச்சு எழுபத்தோரு நாளாச்சு” என்றேன். இங்கே வந்த முதல் ஞாயிறிலிருந்து எண்ணிய கணக்கு.

“எழுபத்திரெண்டு.”

ராமலட்சுமிதான். தலை நிமிராமலே சொன்னாள். குறுக்கே பேசக் கூடாது என்று ஜோஸ் சேட்டன் சொல்லவில்லை.

“அந்தச் சனிக்கெழமைய விட்டுட்டீங்க. சம்பள நாளு. அன்னிக்கி நேரா வீட்டுக்கு வந்தீங்கள்ல.”

ஷீனா சீட்டு கொடுத்த நாள். கடைக்கு முன்னால் நிற்காமல் நடந்து வந்ததை நான் ஒரு நாளாகவே எண்ணியிருக்கவில்லை. உட்கார்ந்தேன்.

அடுத்தது பெரியமுத்துவின் முறை. அவன் எழவில்லை. “அந்த வார்த்தையச் சொல்லித்தான் ஆகணுமா மச்சான்?” என்று என்னை மெதுவாகக் கேட்டான். “இன்னிக்கே சொல்லணும்னு இல்ல” என்றேன்.

ஜோஸ் சேட்டன் கெட்டிலோடு வந்து அவனுக்கு இன்னொரு அரை கிளாஸ் ஊற்றினார். குடிக்காதவள்தானே என்று ராமலட்சுமிக்கு விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தார். தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்திருந்தாள். அப்படியும் அது தளும்பி, சேலையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.