வெட்கப்படுகிற வேலை

சலவை மிஷின் விற்கும் கம்பெனியில், புகார் வாங்கும் கவுன்டரில் ஒன்பது வருடமாக அவள்தான். அவளுடைய கன்னமும் மூக்கும் எப்போதும் சிவந்திருக்கும். சூடாக எதையாவது குடித்தாலோ வெயிலில் நடந்தாலோ இன்னும் தகதகக்கும். அலுவலகத்தில் அவளுக்குத் தக்காளி என்று பெயர்.

மூன்றே மாதத்தில் மிஷின் நின்றுபோன கோபத்தில் வருகிறவர்கள், அந்த முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கம்பெனி செய்த தப்புக்கு இந்தப் பெண் இப்படிக் கூனிக்குறுகுகிறாளே என்று இரக்கம் வந்துவிடும். "பரவாயில்லம்மா, அடுத்த வாரம் ஆள் அனுப்புங்க" என்று போய்விடுவார்கள். அடுத்த வாரமும் ஆள் போகமாட்டார். கம்பெனியில் இருந்ததே இரண்டு மெக்கானிக்.

அவளுக்கோ தோல் எரிச்சல் தாங்கவில்லை. அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் அண்ணியிடம் போனாள். அண்ணி அவளுடைய சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள்.

"மொகம் என்ன பாத்திரமா, இத வச்சு தேய்க்கிற? வாசனை இல்லாத க்ளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். அவ்வளவுதான். தோல் டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காமிச்சிடு."

ஒரு மாதத்தில் எரிச்சல் அடங்கியது. சிவப்பு குறைந்ததே தவிரப் போகவில்லை. அண்ணி பச்சை நிறத்தில் எதையோ மோதிர விரலால் ஒற்றினாள்.

"என்ன அண்ணி, என்னப் பச்சோந்தி ஆக்கறீங்களா?"

"சிவப்ப பச்சதான் அமுக்கும். ஆடாம இரு."

மேலே தோல் நிறத்தில் மெல்லிய பூச்சு. கண்ணாடியில் சிவப்பைத் தேடி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அதே பூச்சோடு கவுன்டரில் உட்கார்ந்தாள். வந்த முதல் ஆளே மேசையைத் தட்டினார். "மூஞ்சில துளி வருத்தம் இல்ல. கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க." மதியத்துக்குள் பதினோரு பேர் புது மிஷின் கேட்டுச் சண்டை போட்டார்கள்.

மானேஜர் உள்ளே கூப்பிட்டார். "அழகாத்தாம்மா இருக்கு. ஆனா ஆபீஸ் நேரத்துல வேண்டாமே. உங்க மொகத்த நம்பித்தான் இந்த கவுன்டரே ஓடுது."

அவளுக்கு உள்ளே கொதித்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அது ரொம்ப வசதியாக இருந்தது.

"வெக்கப்படறதுக்கு என்னை வேலைக்கு எடுக்கல சார். ரெண்டு நாள் நீங்க உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். முதல் நாள் வாங்கிய திட்டில் ஆடிப்போய், மறுநாள் மனைவியின் சிவப்பு ரூஜை இரண்டு கன்னத்திலும் அப்பிக்கொண்டு வந்தார். வரிசையின் முன்னால் நின்ற அம்மாள், ஈரத்துணி மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"நாடகத்துல நடிக்கப் போறீங்களா சார்? போறதுக்கு முன்னால என் மிஷினுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்க."

வரிசையே சிரித்தது. அப்போதுதான் ரூஜ் எட்டாத காது, கழுத்து எல்லாம் அவருக்குத் தானாகவே சிவந்தன.

அன்றைக்கே இன்னும் நான்கு மெக்கானிக் தேவை என்று விளம்பரம் கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் ஏற்றி வைத்திருந்த நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.