பத்துக்கு எத்தனை

ஆஸ்பத்திரிக்காரர்கள் என் சித்தப்பாவின் உயிருக்கு நாற்பத்தெட்டாயிரம் சொன்னார்கள். அவர் நாற்பத்தொன்றுக்கு முடித்தார். குடலிறக்க ஆபரேஷன், படுக்கை, மருந்து எல்லாம் சேர்த்து. பழைய சாக்கு வாங்கி விற்கிறவர் அவர். உடம்பையும் அப்படித்தான் பார்த்தார்: கிழிசல் இருக்கிறது, தைக்கக் கூலி என்ன?

ஆபரேஷன் அன்று காலை வார்டு சிஸ்டர் வந்தார். பல்செட்டைக் கழற்ற வைத்தார். மோதிரத்தைச் சித்தியிடம் கொடுக்கச் சொன்னார். வலது இடுப்பில் டாக்டர் போட்டிருந்த பேனாக் குறியைச் சரிபார்த்தார்.

“ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“இவ திட்டுனதைத்தான் சிஸ்டர்.”

சித்தி பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் தொடர்ந்தார்: “ஆபரேஷன் முடிஞ்சதும் வலி எவ்வளவுன்னு அடிக்கடி கேட்பேன். வலியே இல்லைன்னா பூஜ்யம். தாங்கவே முடியலைன்னா பத்து. மறைக்காம சொல்லணும். வலி ஏறிக்கிட்டே போனா உள்ளே ஏதோ கோளாறுன்னு அர்த்தம்.”

“பத்துன்னா பெரிய ஊசியா?”

“ஆமா.”

சித்தப்பா மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைக் கடையில் பார்த்திருக்கிறேன். எதிராளி அவசரப்பட்டு விலையைச் சொல்லிவிட்டான் என்று அதற்குப் பொருள்.

மதியம் தள்ளுகட்டிலில் திரும்பி வந்தார். இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. சிஸ்டர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், பேண்டேஜில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தார். வலி பூஜ்யம் என்றார் சித்தப்பா. அது மட்டும் நியாய விலை.

மரப்பு விட்ட பிறகு சிஸ்டர் மறுபடி வந்தார்.

“இப்போ எவ்வளவு?”

“ரெண்டு.”

“யூரின் போனீங்களா?”

“போகும், போகும்.”

அடுத்த தடவையும் ரெண்டுதான். ஆனால் நெற்றியில் வியர்வை. கை கட்டில் கம்பியை நெரித்துக்கொண்டிருந்தது.

“நாடி நூத்திப்பத்து ஓடுதே?”

“அது ஓடட்டும் சிஸ்டர். நான் ரெண்டுலயே நிக்கிறேன்.”

சிஸ்டர் சித்தி பக்கம் திரும்பினார். “இவர் எப்பவும் இப்படித்தானா?”

“வாங்குற இடத்துல கால்வாசிக்கு மேல வாயைத் திறக்க மாட்டாரு. விக்கிற இடத்துல ரெட்டிப்பு. இப்போ வாங்குறாரா விக்கிறாரான்னு எனக்கே புரியல.”

“சும்மா இருடி. ஊசிக்குத் தனி பில் போடுவாங்க.”

“மருந்தெல்லாம் சேர்த்துன்னு பேசிட்டு வந்தீங்களே?”

“பேசினது மருந்து. ஊசின்னு அவங்க வாயால சொல்லல.”

“ஊசியும் அதுலதான்” என்றபடி சிஸ்டர் போர்வையை விலக்கி, தையலைத் தொடாமல், தொப்புளுக்குக் கீழே விரல்களால் லேசாக அழுத்தினார்.

“ஒம்போது!” என்று அலறினார் சித்தப்பா. வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு. மரத்துப்போக ஊசி போட்டா சில பேருக்கு இப்படி அடைச்சுக்கும். இன்னும் விட்டு வெச்சா பை கெட்டுப்போகும். இதுக்கு ஊசி பத்தாது, டியூப் வைக்கணும்.”

டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு திரைச்சீலையை இழுத்து மூடினார். நாங்கள் வெளியே நின்றோம். திரும்பி உள்ளே போனபோது கட்டிலடியில் ஒரு பை நிறைந்துகொண்டிருந்தது. சித்தப்பாவின் கை கம்பியை விட்டிருந்தது.

“இப்போ எவ்வளவு?”

அவர் சித்தியைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார்.

“மூணு. கடைசி விலை.”

சிஸ்டர் நம்பவில்லை. மறுபடி நாடி பிடித்தார். எண்பத்துநாலு. அதற்குப் பிறகுதான் சார்ட்டில் மூன்று என்று எழுதினார். கீழே இன்னொரு கணக்கையும் முடித்தார்: உள்ளே போனது, குளுக்கோஸும் தண்ணீரும் சேர்த்து ஆயிரத்து எழுநூறு மில்லி. வெளியே வந்தது தொள்ளாயிரம். நிலுவை எண்ணூறு.