மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்

“நுனியிலேர்ந்து ஆரம்பிங்க. மேலேர்ந்து இழுத்தா அம்மாவுக்கு உயிர் போயிடும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கைப்பேசித் திரையில் கணவனின் கை ஒரு கணம் நின்றது. சீப்பை அம்மாவின் முடி நுனிக்குக் கொண்டுபோனான்.

அவள் வேலை செய்யும் பார்லரின் பின்னறை அது. துவைத்து மடித்த டவல்களின் அடுக்கில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தாள். முன்னறையில் ஹேர் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா எட்டிப் பார்த்து, அடுத்து வருகிறவரைத் தானே கவனித்துக்கொள்வதாகச் சைகை காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

திரைக்கு அந்தப் பக்கம், கடல் தாண்டி, அம்மா படுத்திருந்தாள். மாதக்கணக்காகக் கிடந்ததில் பின்னந்தலையில் முடி கூடுபோலத் திரண்டிருந்தது. ஒட்ட வெட்டிவிட்டால் துடைத்துவிடச் சுலபம் என்று, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் காலையில் கத்தரிக்கோலுடன் வந்தாளாம். நேற்றெல்லாம் கண்ணே திறக்காத அம்மா கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாளாம். அவன் கத்தரிக்கோலை வாங்கி அலமாரிமேல் போட்டுவிட்டு மனைவியைக் கூப்பிட்டான்.

“சிக்கு எப்படி எடுக்கறதுன்னு சொல்லு. நான் எடுக்கறேன்.”

அவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய போல்ட்டுகளுக்குப் பழகிய விரல்கள்.

“சிக்குக்கு மேல முடியை இறுக்கிப் பிடிச்சுக்கங்க. அப்போ தலையில இழுக்காது. விரல்ல எண்ணெய் தொட்டுக்கங்க. கிரீஸ் அப்பற மாதிரி அப்பாதீங்க.”

“கிரீஸ்னா கண்ணை மூடிக்கிட்டு அப்புவேன். இதுக்குத்தான் ஒவ்வொரு முடியா எண்ண வேண்டியிருக்கு.”

அந்தக் கட்டிலோரத்தில் இருந்திருக்க வேண்டியவள் அவள். பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்ன மாலை, சாப்பாட்டு மேசையில் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடையது புதியது. இந்த நாட்டின் குடியுரிமை வாங்கியபோது, வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லி, பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறந்த நாடு இரண்டையும் வைத்துக்கொள்ள விடாது. அன்றைக்கு அது ஒரு இழப்பாகவே தோன்றவில்லை. இனி எந்தக் கவுண்டரிலும் யாரும் அவளை எவ்வளவு காலம் இருக்கப்போகிறாய் என்று கேட்க முடியாது. ஓட்டுப் போடலாம். எங்கே போய் எவ்வளவு நாள் தங்கினாலும் திரும்பி வந்து தன் கதவைத் திறக்கலாம். ஆனால் பிறந்த தெருவுக்குள் நுழைய விசா வேண்டும். விண்ணப்பித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே வரி, தூங்காத கண் மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தது.

அவனுடையது பழைய பாஸ்போர்ட், மூலை மடங்கியது. அவன் நிரந்தரவாசியாகவே தங்கிவிட்டான். சில வருடங்களுக்கு ஒருமுறை கார்டைப் புதுப்பிக்க வேண்டும். வெளியே அதிக நாள் தங்கக்கூடாது. தேர்தல் நாளில் அவள் வாக்குச்சாவடிக்குள் போக, அவன் எதிர் நடைபாதையில் நின்று காகிதக் கோப்பையில் டீ குடிப்பான். அவள் வெளியே வந்ததும் வேண்டுமென்றே நிமிர்ந்து நடப்பாள்.

“இந்த நாட்டுல வீட்டுக்காரி நான். நீங்க குடியிருக்கறவர். வாடகையை ஒழுங்கா குடுங்க.”

“குழாய் ஒழுகுது. முதல்ல அதைச் சரி பண்ணிக் குடு, அப்புறம் வாடகை கேளு.”

விளையாட்டு எப்போதும் விளையாட்டாகவே முடிந்ததில்லை. ஒருமுறை, ஒற்றைக் காலை வெளியே வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறீர்கள் என்று சொல்லிவிட்டாள். அவன் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினான்.

டாக்டர் சொன்ன அன்று மாலை வேலையிலிருந்து வந்தவன், மேசையைப் பார்த்தான். பரண்மேலிருந்து பையை இறக்கினான்.

“நீங்க போய் என்ன பண்ணப்போறீங்க?” என்றாள். “உங்க முன்னாடி அம்மா உட்காரக்கூட மாட்டாங்க.”

“நானும் உட்காராம நிக்கறேன்.”

“கார்டு வேற முடியப்போகுது. தேதி தாண்டிட்டா திரும்ப உள்ளே விட மாட்டாங்க.”

“அதுக்குள்ள வந்துடுவேன்.”

அதற்குள் என்றால் அதற்குள் எது முடிய வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்தது. இருவரும் பையின் ஜிப்பையே பார்த்தார்கள். அவன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. டிக்கெட் வாங்கினான், போனான்.

சிக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்தது. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல அந்தத் தடித்த விரல்கள் கேட்டுக்கொண்டன. ஊராரின் தலைகளையெல்லாம் தொட்ட அவள் கைகள் ஒரு டவலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தன. அம்மாவின் நெற்றிச் சுருக்கம் தளர்வது திரையில் தெரிந்தது. ஒரு பெரிய முடிச்சு விட்டுக் கொடுத்தபோது அம்மா கண் திறந்தாள். தலைமாட்டில் மாப்பிள்ளை என்று தெரிந்ததும், விரல்களால் தேடி முந்தானையைத் தோள்மேல் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு முந்தானையை எடுத்துக் கொடுத்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அம்மா அவனிடம் நேராகப் பேசியதில்லை. அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வேணுமா கேளு என்று மகளிடம்தான் சொல்வாள். இப்போதும் முகத்தைக் கைப்பேசிப் பக்கம் திருப்பினாள்.

“பாப்பா. மாப்பிள்ளைக்கு கை வலிக்கும். போதும்னு சொல்லு.”

அவன் விரல்கள் அம்மாவின் முடிக்குள் இருந்தன. அவனுக்கான சொல் கடல் தாண்டி இவளிடம் வந்தது.

“என்னங்க, அம்மா போதும்னு சொல்றாங்க.”

“வலிக்கலைன்னு அத்தைகிட்ட சொல்லு.”

“வலிக்கலையாம், அம்மா.”

“சாப்பிட்டாரான்னு கேளு.”

“சாப்பிட்டேன்னு சொல்லு,” என்றான், இவள் கேட்பதற்கு முன்பே. பக்கத்தில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்த விதத்திலிருந்தே அவன் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் உதட்டில் ஏதோ அசைந்தது.

கடைசியில் தளர்வாக ஒரு பின்னல் போடச் சொன்னாள் மகள். மூன்று புரி, ஒன்று மாற்றி ஒன்று. அவன் லிஃப்ட் கம்பி முறுக்குவதுபோல முறுக்கினான், அவிழ்த்தான், மறுபடி போட்டான். கோணலாக வந்தது. நன்றாக இருக்கிறது என்றாள். அம்மா பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள்.

அவள் முன்னறைக்குப் போய் ஒருவருக்கு முடி வெட்டினாள். இன்னொருவருக்குச் சாயம் கலக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது.

“பாப்பா,” என்றான் அவன்.

அவன் ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தாள். அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதலாளியம்மா வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டில் யாரும் இல்லை. பின்னறையிலேயே இருக்கிறேன் என்றாள். விண்ணப்பப் பக்கத்தை மறுபடி திறந்தாள். அதே வரி. அங்கே கூடியிருந்தவர்கள் மகள் வரும்வரை உடலை வைத்திருக்கலாமா என்று கேட்டார்களாம். மகன் இல்லாத வீட்டில் யார் முன்னால் நின்று செய்வது என்ற பேச்சும் வந்ததாம்.

“நீ சொல்லு,” என்றான். “நீ சொன்னபடி செய்யறேன்.”

“வைக்க வேண்டாம். அம்மாவுக்குக் காத்திருக்கவே பிடிக்காது.” விண்ணப்பப் பக்கத்தை மூடினாள். “நீங்கதான் பண்ணணும். நீங்க இருக்கறதுனாலதான்...”

“சரி,” என்றான், அவள் முழுவதும் சொல்லி முடித்துவிட்டதுபோல.

சாயங்காலம் அவன் மறுபடி அழைத்தபோது பின்னால் நிறையக் குரல்கள்.

“தூக்கப்போறோம். போனைப் பிடிக்க ஆள் இல்லை, பையில போட்டுக்கறேன். கட் பண்ணாதே.”

திரை இருண்டது. சட்டைத் துணியின் இழைகளுக்கிடையே கொஞ்சம் வெளிச்சம் மட்டும். யாரோ தோள் மாற்றச் சொன்னார்கள். பிறகு குரல்கள் அடங்கி, காலடிகளும், பாரம் தாங்கும் ஒருவனின் மூச்சும் கேட்டன. அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“பார்த்து, படி இருக்கு,” என்றது ஒரு குரல். மூச்சு ஒரு கணம் நின்று, மீண்டும் தொடர்ந்தது.

அவள் எழுந்தாள். அந்தக் காலடிகளின் வேகத்துக்கு, டவல் அடுக்குகளுக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவே நடக்கத் தொடங்கினாள். அறை சிறியது. சுவர் வந்ததும் திரும்பி நடந்தாள்.