சாமியை மறைக்கக் கூடாது

மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமராவின் பெட்டி மேல் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் போதும், மீதியை ஆட்டோஃபோகஸ் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் மாமா கொடுத்தார். உள்ளே இருந்த விளக்கப் புத்தகம் ஜப்பானிய மொழியில் இருந்ததால் மாமா சொன்னதையே நம்பினேன்.

ஓசூரில் அதை வைத்து யாரை எடுப்பது என்பதுதான் தெரியவில்லை. சாத்தூரிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கம்பெனியில் என் பெயர் டிரெய்னி. என்னைப் போல இன்னும் சிலர் இருந்ததால் "டிரெய்னி" என்று சத்தம் வந்தால் எல்லோரும் திரும்புவோம். திட்டு யாருக்கு என்று தெரிந்ததும் மற்றவர்கள் மறுபடி மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதற்கு மேல் பழக்கம் வளரவில்லை.

அம்மாவிடம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவேன். ஒருநாள் அம்மா சொன்னாள்.

"எய்யா, உன் மொகம் கனவுல வருது. ஆனா தெளிவா வர மாட்டேங்கு. ஒரு போட்டோ அனுப்பு."

"சரிம்மா."

"தனியா நின்னு எடுக்காத. கூட ஒரு ஆள் நிக்கணும். காய்ச்சல்ல கெடந்தா ஒரு டம்ளர் வெந்நி வச்சுத் தர ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியணும். இல்லைன்னா அப்பாவ அனுப்பி உன்னையக் கூட்டியாரச் சொல்லிருவேன். சித்தப்பா தீப்பெட்டி ஆபீசுல கணக்கு எழுது, போதும்."

தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியே செத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

"ஆளுக்கு என்னம்மா பஞ்சம்? ஏகப்பட்ட பேர் இருக்காங்க" என்றேன். பூத்துக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வருஷமாக அவர் கடைக்கு நான் ஒற்றை ஆளாகத்தான் வருகிறேன்.

உண்மையில் ஒரே ஒருவன் இருந்தான். என் அறைக்காரன் திம்மராயன், ராயக்கோட்டைப் பக்கம். வேறு கம்பெனி. அவனுக்கு எப்போதும் ராத்திரி ஷிஃப்ட், எனக்குப் பகல். அது தெரிந்துதான் வீட்டுக்காரர் அறையில் ஒரே கட்டிலும் ஒரே தலையணையும் போட்டிருந்தார். சாயந்திரம் நான் வரும்போது அவன் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பான். காலையில் அவன் வரும்போது நான் ஷூ மாட்டிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை தக்காளி பறிக்க ஊருக்குப் போய்விடுவான். சாயந்திரம் வந்து கட்டிலில் சாய்ந்தால் தலையணையில் அவன் சூடு மிச்சமிருக்கும். இந்த ஊரில் உனக்கு நெருக்கமானவர் யார் என்று கேட்டால் அந்தச் சூட்டைத்தான் நான் காட்ட வேண்டியிருக்கும்.

அவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கூட ஒரு ஆள் நிக்கணுமா? நான் ஒரு ஆளுன்னு எங்கம்மாவே ஒத்துக்காதேப்பா" என்றான். ஆனாலும் தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்தான். பின்னால் மலைக்கோயில். தண்ணீர்த் தொட்டி மேல் கேமராவை வைத்து, தானாக எடுக்கும் டைமரைத் தட்டிவிட்டு ஓடிவந்தேன்.

"தள்ளி நில்லுப்பா! சாமிய மறைக்கக் கூடாது. கோயிலு நடுவுல விழணும்."

கோயிலுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு எருமை தாராளமாகப் போகலாம். ரேஷன் கடையில் நிற்பதுபோல நின்றோம். கேமராவின் சிவப்பு விளக்கு கண் சிமிட்டி அணைந்தது. இன்னும் இரண்டு தடவை அப்படியே எடுத்தோம். அவனுக்கு பஸ் வந்துவிட்டது. மிச்சமிருந்த ஃபிலிமை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி, மூடிய ஜன்னல் வழியாகத் தீர்த்தேன்.

ஸ்டுடியோவில் கவரைக் கொடுக்கும் பவளம் அக்கா படங்களை முதலிலேயே பார்த்திருந்தாள்.

"கோயிலு சூப்பரா விழுந்திருக்கு தம்பி. கோபுரத்து லைட்டுகூடத் தெரியுது. இந்த ரெண்டு பேயும் யாரு?"

"நானும் ரூம்மேட்டும்."

"அய்யோ பாவம். செத்து எத்தினி நாளாச்சு?"

இருப்பதில் கொஞ்சம் மனித ஜாடை இருந்ததை அம்மாவுக்குத் தபாலில் போட்டேன்.

"மலை நல்லாருக்குய்யா. கும்பிட்டுக்கிட்டேன்" என்றாள் அம்மா போனில். "ரெண்டு பேரு நிக்காகளே, அதுல நீ எது?"

"இடது பக்கம்மா."

மறுமுனையில் படத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. கையில் படத்தை வைத்துத் தேடுகிறாள் என்று தெரிந்தது.

"மூஞ்சி தெரியாத ஆள நம்பி உன்னைய எப்படிய்யா விட்டு வைக்கது? அப்பா கெளம்பிருவாக."

"அம்மா, பொறு. வேற எடுத்து அனுப்புறேன்."

அன்றைக்குப் படங்களைக் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பஸ் ஜன்னல் படங்களில் கண்ணாடியில் இருந்த கீறல் பளிச்சென்று இருந்தது, அதற்கு வெளியே ஓசூர் முழுக்கக் கலங்கிய கஞ்சி. கேமராவைக் கண்ணில் வைத்தால் நடுவில் சின்னதாக ஒரு கட்டம் தெரியும். பொத்தானை அழுத்துகிற நேரத்தில் அந்தக் கட்டத்துக்குள் எது இருக்கிறதோ அதைத்தான் கேமரா மதிக்கிறது. மாடியில் அழுத்தியபோது கட்டத்துக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த காலி இடம் இருந்தது. அதை அது மலை வரைக்கும் துல்லியமாக எடுத்துக் கொடுத்திருந்தது.

மறுநாள் சாயந்திரம் திம்மராயனைப் பிடித்தேன்.

"நல்ல வேள, இன்னிக்கி கேட்ட" என்றான். "ஞாயித்துக்கெழம ரூமு காலி பண்றேன்ப்பா. அத்திப்பள்ளி பக்கம் ஒரு கம்பெனில பர்மனென்ட்டு குடுக்கறாங்க. அங்கியே தங்கிக்கலாம்."

"சொல்லவே இல்லையே."

"எப்ப சொல்றது? நீ தூங்கச்சே நான் மெஷினாண்ட நிக்கறேன். எழுப்பிச் சொல்ல போன் இருக்குதா?"

மாடிக்குப் போனோம். நான் பொத்தானை அழுத்தும்போதே அவன் நட்டநடுவில் நிற்க வேண்டும், நான் ஓடிவந்து ஒட்டி நின்றால் இரண்டு பேரும் விழுவோம் என்று விளக்கினேன்.

"நடுவுல நின்னா சாமி?"

"மறையும்."

யோசித்தான். மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "கோச்சிக்காதப்பா, இவங்கம்மாவுக்கோசரம்" என்று மேலே தகவல் கொடுத்துவிட்டு, சாமியை முதுகால் மறைத்து நின்றான்.

டைமரைத் தட்டிவிட்டு ஓடினேன். பழக்க தோஷம், ஒரு கை தள்ளியே நின்றுவிட்டேன்.

"எங்கப்பா நிக்கற? அம்மா தேடுவாங்க" என்று என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இழுத்துக்கொண்டான். அவன்மேல் பவுடரும் மெஷின் ஆயிலும் கலந்து ஒரு வாசம் வந்தது. பஸ் கண்டக்டர் சில்லறை கொடுத்ததைக் கழித்துவிட்டால், ஒரு மனுஷன் கை என்மேல் பட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. சிவப்பு விளக்கு சிமிட்டி அணைந்தது. "விழுந்துச்சா?" என்றான். "தெரியாது" என்றேன். அவன் கையை எடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

படம் கழுவி வந்தபோது அவன் காலி செய்து போய்விட்டிருந்தான்.

"அட, உசிரு வந்திருச்சே!" என்றாள் பவளம் அக்கா. "அண்ணன் தம்பியா?"

"இல்லக்கா. வேற வேற ஷிஃப்ட்."

முகம் இரண்டும் அவ்வளவு தெளிவு. அவன் பல்லில் ஒன்று லேசாக உடைந்திருப்பதை அந்தப் படத்தில்தான் பார்த்தேன். மலை எங்கே என்றே தெரியவில்லை. அவனுக்கும் ஒரு பிரதி போட்டு வாங்கினேன். அத்திப்பள்ளியில் எந்தக் கம்பெனி என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"இப்பத்தான்யா நிம்மதி" என்றாள் அம்மா. "மெலிஞ்சிருக்க, ஆனா சிரிக்க. அந்தப் புள்ள உன்னைய எப்படிக் கெட்டியாப் பிடிச்சிருக்கு! அப்பாவ வேண்டாம்னுட்டேன். அந்தத் தம்பியக் கூப்பிடு, ரெண்டு வார்த்தை பேசுதேன்."

"இப்பத்தான்மா ஷிஃப்ட்டுக்குப் போனான்."

"எப்ப வருவான்?"

"காலைல வந்துருவான்."

போன வாரம் வரைக்கும் அது உண்மைதான். பூத்துக்காரர் இந்தத் தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அறைக்கு வந்து சாய்ந்தேன். தலையணை சில்லென்று இருந்தது. திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் அப்படித்தான் இருந்தது.