ஓத்தீலியா அத்தை கயிறு வீசிய மழை

1

என் தங்கையின் கல்யாண விருந்தில் சித்தப்பா இந்தக் கதையைச் சொன்னார். "அன்னைக்கு எங்க அக்கா கண்ணுல பயமே இல்ல" என்று அவர் முடிப்பதற்குள், கதையின் நாயகியான ஓத்தீலியா அத்தை "பொய்" என்று சொல்லிவிட்டு, தேங்காய்ச் சோற்றுத் தட்டோடு வேறு மேசைக்குப் போய்விட்டாள். எது பொய் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுத ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: "பர்ராங்கீயா நகரின் வானம் அன்று விதியைப் போலக் கறுத்து…"

வேண்டாம். அத்தையின் கடையில் வாழைக்காய், பாலாடைக்கட்டி, மெழுகுவர்த்தி கிடைக்கும். விதி கிடைக்காது.

இரண்டாவது: மதியம். மழை பிடித்ததும் தெரு காலியாகிவிட்டது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒல்லியானவன் துப்பாக்கியை அத்தையின் முகத்துக்கு நேரே பிடித்தான். தாடிக்காரன் கல்லாவைப் பைக்குள் கவிழ்த்தான்.

"கெழவி, சத்தம் வரக் கூடாது."

"வராது. ஆனா இப்ப வெளிய போகாதீங்க. தெரு ஓட ஆரம்பிச்சிருச்சு."

சிரித்தார்கள். வெளியூர்க்காரர்கள். எங்கள் மேட்டுத் தெருக்களில் மழைநீர் இறங்கினால் பேருந்தே புரளும் என்பது தெரியாதவர்கள்.

3

(இங்கே "அவள் நெஞ்சம் பாறையாக…" என்று ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.)

அவர்கள் வெளியேறியதும் அத்தை இரும்புக் கிராதிக் கதவை இழுத்துப் பூட்டினாள். பூட்டித் திரும்புவதற்குள் வண்டி சாய்ந்து தண்ணீரோடு உருண்டது. பையோடு விழுந்த தாடிக்காரன் கடை முனையிலிருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டான். ஒல்லியானவன் எப்படியோ படியேறி வந்து கிராதியைப் பிடித்து உலுக்கினான். துப்பாக்கி இன்னும் கையில் இருந்தது.

"அம்மா, கதவத் தெறங்க. கயிறு ஏதாச்சும் குடுங்கம்மா."

(கிழவி அம்மாவாகிவிட்டாள். இது என் கைச்சரக்கு அல்ல.)

"மொதல்ல துப்பாக்கியத் தண்ணில போடு."

"எங்கண்ணன்மா அது."

"அப்ப சீக்கிரம் போடு."

போட்டான். அத்தை கதவைத் திறந்தாள். வாழைத்தார் கட்டும் கயிற்றின் ஒரு முனையைக் கிராதியில் முடிந்து, மறுமுனையைக் கம்பத்துப் பக்கம் வீசினாள். அவளும் தம்பிக்காரனும் சேர்ந்து இழுத்தார்கள். பை தண்ணீரோடு போனது. தாடிக்காரன் வந்தான். அத்தையின் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது.

மூவரும் தரையில் கிடந்து மூச்சு வாங்கினார்கள். தாடிக்காரன் வாந்தி எடுத்தான். அத்தை ஒரு துணியை அவன் பக்கம் போட்டு, "நீயே தொடச்சுரு" என்றாள்.

4

இதுவரை எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

"பயந்தேன்னு எங்க எழுதியிருக்க? துப்பாக்கியப் பாத்ததுமே மூத்திரம் போயிட்டேன்."

"அத எப்படி எழுதறது அத்தை?"

"போயிட்டேன்னுதான். பயமே இல்லன்னு சொல்லிச் சொல்லி உங்க சித்தப்பன் என்னச் செலையாக்கிட்டான்."

"திருடனுக்கு ஏன் கயிறு குடுத்தீங்க?"

"கம்பத்தப் புடிச்சுக்கிட்டுக் கத்துறான். நான் என்ன, கணக்குப் பாத்துக்கிட்டா நிப்பேன்?"

இதற்கு மேல் ஒரு நாயகியை எனக்குச் செதுக்கத் தெரியாது. உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

5

சித்தப்பாவின் முடிவில் போலீஸ் வருகிறது. என் அம்மாவின் முடிவில், இருவரும் ரொட்டி தின்று, மாமாவின் உலர்ந்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியே போகிறார்கள். எது நிஜம் என்று அத்தையைக் கேட்டேன்.

"ஒண்ணச் சொன்னா கெட்டிக்காரின்னுவீங்க, இன்னொண்ணச் சொன்னா புனிதவதின்னுவீங்க. இழுத்தேன். அதோட நிறுத்து."

நிறுத்துகிறேன். அன்றைய மழை விட்டிருக்கிறது. தெரு மெல்ல வடிகிறது. எதிர்ப்புறத்து சைக்கிள் கடைக்காரர் நெஸ்தோர் கையை வாயருகே குவித்துக் கூப்பிடுகிறார்:

"ஓத்தீலியா, உள்ள யாரு அந்த ரெண்டு பேரு?"

அண்ணனும் தம்பியும் அத்தையைப் பார்க்கிறார்கள். அவள் எரிகிற கையைப் பாவாடையில் ஒற்றிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியாது. கொஞ்சம் நகர்ந்து, வாசிக்கிற உங்களுக்கும் வாசலில் இடம் விட்டிருக்கிறாள். நெஸ்தோர் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார், சொல்லுங்கள்.