சூலத்துக்குக் கட்டிய மாலை

கிட்ட வாருங்கள் செல்லங்களே, தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு காரின் கதை சொல்கிறேன். சும்மா காரில்லை, ராசா வீட்டுப் பிள்ளை மாதிரி ஒரு கார்.

கனடாவில், பிக்கரிங்கில் இருக்கும் தில்லையம்பலம் வாங்கியபோது அது துருப்பிடித்த வெறுங்கூடு. மசராட்டி குவாத்ரோபோர்த்தே. இத்தாலியர் வாயில் அதற்கு 'நாலு கதவு' என்றுதான் பொருள். பெயர்தான் அவ்வளவு அடக்கம். அறுபத்துமூன்றாம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்தபோது, பந்தயக் கார் எஞ்சினின் வழிவந்த எட்டு சிலிண்டர் எஞ்சினை, பெண்சாதி பிள்ளைகள் சாய்ந்திருந்து போகிற காருக்குள் வைத்திருந்தார்கள். அந்தத் துணிச்சலில்தான் தில்லையம்பலம் மயங்கினார். பனிக்காலம் முழுக்கக் கராஜுக்குள்ளேயே கிடந்து திருத்தினார். மகள் சிவானியை மணவறைக்கு அதில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

"உது மண்டபம் போய்ச் சேராது, அண்ணை" என்று பக்கத்து வீட்டு டெனிஸ்டன் சிரிப்பான். கல்யாணத்தன்று நம்பிக்கையில்லாமல் தன் புது வான் வண்டியைப் பின்னாலேயே ஓட்டி வந்தான்.

புறப்படுமுன் மனைவி யோகராணி கண்ணூறு கழிய, கார்ச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாள். காரின் மூக்கில் மூன்று முனையோடு மின்னிய சின்னம் அவளுக்கு அம்மனின் சூலமாகவே பட்டது.

"அது இத்தாலியிலை, பொலோஞா நகரத்திலை சிலையா நிக்கிற கடல்தெய்வத்தின்ரை சூலமப்பா" என்றார் அவர்.

"எந்தத் தெய்வமெண்டால் என்ன, வெறுங்கழுத்தோடை கலியாணத்துக்கு வாறதே?"

சந்தனம் பூசி, கையளவு தடிப்பில் ஒரு செவ்வந்தி மாலையை முன் கிரில் கம்பிகள் மறைய இறுக்கிக் கட்டினாள்.

ஆனி வெயில். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. தில்லையம்பலத்தின் நெஞ்சும் அதோடு சேர்ந்து கொதித்தது. அடுத்த வழியால் இறங்கி ஒரு கடை வாசலில் நிறுத்தினார்.

டெனிஸ்டன் ஓடி வந்தான். "முகூர்த்தம் போகுது அண்ணை. பிள்ளையை என்ரை வானிலை ஏத்துங்கோ. இந்தக் கார்க் கிழவன் இளைப்பாறட்டும்."

தில்லையம்பலம் கடிகாரத்தைப் பார்த்தார். மகளுக்காகப் பின் கதவைத் திறந்தார். சிவானி பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி, வானுக்குப் போகாமல் காரின் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, லுக்! இதுக்கு மூச்சு விடவே இடமில்லை."

காற்றில் நசிந்த பூக்கள் கிரிலை அடைத்துக் கிடந்தன. எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்குத் துளி காற்றில்லை. ஒவ்வொரு ஆணியையும் தடவிப் பார்த்த மனிதர், மாலை மட்டும் மனைவியின் இலாகா என்று விட்டிருந்தார்!

"கட்டின மாலையை வழியிலை அவிழ்க்கிறதே?" என்று யோகராணி கலங்கினாள்.

"மடியிலை வைச்சிருங்கோ அம்மா. போய் இறங்கினதும் கட்டலாம்."

சூலத்தைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவள் மாலையை அவிழ்த்தாள். சற்று ஆறியதும் தில்லையம்பலம் எஞ்சினை உயிர்ப்பித்து, அதன் சூட்டை உள்ளே இழுக்க ஹீற்றரை முழுசாகத் திறந்துவிட்டார். ஆனி மாதத்தில் ஹீற்றர்!

"என்ரை வானிலை ஏசி இருக்கு, பிள்ளை!"

"நான் இதிலைதான் வருவன், அங்கிள்."

பட்டு நனைய, பொட்டுக் கரைய, மூவரும் சிரித்துச் சிரித்துப் போனார்கள். முள் மெல்ல இறங்கியது. மண்டப வாசலில் அந்த எஞ்சின் அடித்தொண்டையில் உறுமி நின்றபோது நாதஸ்வரக்காரரே வாசிப்பை மறந்து திரும்பிப் பார்த்தார். நேரம் தப்பவில்லை. மகள் இறங்கக் கைகொடுத்த தில்லையம்பலத்தின் முகத்தில் வழிந்தது வேர்வையா கண்ணீரா என்று அவருக்கே தெரியவில்லை.

டெனிஸ்டன் காரின் முதுகை மெதுவாகத் தடவினான். "திரும்பிப் போகேக்கை என்னையும் ஏத்துவியளோ, அண்ணை?"

"மாலையை நீ பிடிச்சுக்கொண்டு வாறதெண்டால் ஏறு."

என் கண்மணிகளே, உங்கள் வீட்டாரும் வெளிக்கிட்ட இடத்துக்கெல்லாம், வேர்த்தாலும் சிரித்துக்கொண்டே, நேரத்துக்குப் போய்ச் சேரட்டும். உங்கள் வாசலில் கல்யாண வண்டி வந்து நிற்கட்டும்.