இரண்டு முடிச்சு

"கால்மாட்டுக்குப் போடி" என்று நாகம்மாள் தாட்சாயிணியின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "தலைமாட்டுல நீ குந்தறதுக்கு நான் இன்னும் சாவல."

கூடத்தில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சற்று நிறுத்தினார்கள். பிறகு எதுவும் காதில் விழாதது போல முன்னைவிடச் சத்தமாகப் பிடித்துக்கொண்டார்கள். தாட்சாயிணி எழுந்துபோய், பரந்தாமனின் பாதங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நாகம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து கணவனின் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்குக் கட்டியது போல, உறுத்தாமல், பதமாகக் கட்டியிருந்தது. யார் கை என்று கேட்க வேண்டியதில்லை. நாகம்மாள் அதை அவிழ்த்துத் தானே மறுபடியும் கட்டினாள்.

அவள் மூத்தவள். தாட்சாயிணி இளையவள். பிள்ளை இல்லை என்ற குறைக்காகப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பரந்தாமன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள். அவளுக்கும் பிறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக நாகம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடுகிறாள். மற்ற எந்த விஷயத்திலும் அம்மன் அவள் பக்கம் நின்றதாகத் தெரியவில்லை. பட்டணத்துக்கு வைக்கோலும் விறகும் வண்டியடித்து, பாரிவாக்கத்தில் பரந்தாமன் கட்டிய இந்த ஓட்டு வீட்டில் இரண்டு அறைகள். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துச் சிரிப்பை இத்தனை வருஷமும் கேட்டவள் அவள்.

நேற்றுச் சாயங்காலம்கூட அப்படித்தான் ஆயிற்று. காய்ச்சலில் கிடந்த மனுஷர் தண்ணீர் கேட்டார். இரண்டு பேரும் ஓடினார்கள். இரண்டு சொம்பும் ஒன்றாகத்தான் அவர் வாயருகே வந்தன. அவர் கண்ணைத் திறக்காமலே ஒன்றைப் பிடித்துக் குடித்தார். அது தாட்சாயிணியின் சொம்பு. கண்ணைத் திறக்காத மனுஷனுக்கு யார் சொம்பு என்று எப்படித் தெரியும் என்று நாகம்மாளுக்கு ஒரு மனது. கண்ணைத் திறக்காமலே தெரிந்துகொண்டாரே என்று இன்னொரு மனது. விடியும்போது உயிர் போய்விட்டது. அந்த இன்னொரு மனது மட்டும் இன்னும் அடங்கவில்லை.

வாசலில் ஆண்கள் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் ஒரு சின்னக் கூட்டம் நின்றது. பூந்தமல்லி வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கும் சின்னசாமி வந்திருந்தார். கச்சேரி வாசலில் அவரை மடக்கிச் சட்டம் கேட்டால் காசு வைக்க வேண்டும். சாவு வீட்டில் கேட்டால் இனாம். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூலி கேட்டால் ஊரே காறித் துப்பும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது ஊருக்கும் தெரியும். அதனால் பாரிவாக்கத்தில் ஆளாளுக்குக் கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, யாராவது கண்ணை மூடட்டும் என்று காத்திருப்பார்கள். அவரும் சும்மா சொல்லக் கூடாது, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, ஜட்ஜு துரையே வேஷ்டி கட்டி வந்தது போலத்தான் பதில் சொல்லுவார்.

"பக்கத்து ஊட்டு முருங்க என் கூரை மேல சாஞ்சிகினு கீது. காய் பறிச்சா திருட்டா?" என்று வண்டிக்கார மதுரைவீரன் கேட்டான்.

"கிளையை வெட்டலாம். காயைத் தொடக் கூடாது."

"காய் வோணாம்னா நான் இன்னாத்துக்கு கிளைய வெட்றேன்?"

சிரிப்பு எழுந்து, சாவு வீடு என்று ஞாபகம் வந்து அடங்கியது. வேம்புலி என்பவன் முன்னால் வந்தான். வரி கட்டினால் மணியக்காரர் ரசீது தருவதில்லையாம். கேட்டால் உள்ளே தள்ளிவிடுவேன் என்கிறாராம். "தள்ள அவருக்கு அதிகாரமில்லே. ரசீது கேக்கிறது உன் உரிமை" என்றார் சின்னசாமி. வேம்புலி "உரிமை, உரிமை" என்று வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். மணியக்காரருக்கு எதிரில் அது வாயிலிருந்து வெளியே வருமா என்பது வேறு கதை.

நாகம்மாளிடமும் ஒரு கேள்வி இருந்தது. புருஷன் கூடத்தில் கிடக்கும்போது ஒரு பெண்பிள்ளை கேட்கிற கேள்வியா அது என்று கேட்பீர்கள். ஊர்க்காரர்கள் ஒரு வருஷம் இரண்டு வருஷம் சேர்த்து வைத்த கேள்வியையே அடக்க முடியாமல் கொட்டினார்கள். அவளுடையது அந்த இரண்டாவது கல்யாணத்து நாளிலிருந்து சேர்ந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து, சின்னசாமி வாய் கொப்பளிக்கக் கொல்லைப்பக்கம் வந்தபோது அவரெதிரில் போய் நின்றாள்.

"இந்த ஊடு யாருக்குங்க?"

சின்னசாமி சங்கடப்பட்டார். ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

"தம்பிகிட்டேந்து பாகம் பிரிஞ்ச மனுஷன். ஊடு சொந்த சம்பாத்தியம். பிள்ளைகுட்டி இல்லே, உயில் எழுதல. பெண்சாதிக்குத்தாம்மா. உசுரு கீற வரைக்கும் இருந்து அனுபவிக்கலாம்."

நாகம்மாளுக்கு மூச்சு லேசாக வந்தது. "அப்ப அவ?"

"அவங்களும் பெண்சாதிதானே? ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாத்தியதை. சட்டத்துக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளு மாதிரி."

"ஒரே ஆளா? நானும் அவளுமா?"

"ஆமாம்மா. ஒருத்தர் முந்திப் பூட்டா, மிச்சம் கீறவங்களுக்கு முழுசும்."

யார் முந்திப் போவார்கள் என்று நாகம்மாள் அவரைக் கேட்கவில்லை. அவளுக்கு ஐம்பது நெருங்குகிறது, பனிக்காலம் வந்தால் மூச்சு இழுக்கிறது. தாட்சாயிணிக்கோ முப்பதுகூட ஆகவில்லை. தன் அறையில், தன் சன்னலுக்குப் பக்கத்தில், தாட்சாயிணி கால் நீட்டிப் படுத்திருப்பது அவள் கண்முன் வந்தது.

"பெண்சாதின்னு யாரு சொன்னது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பரந்தாமனின் தம்பி உலகநாதன், கையில் பாதி திரித்த வைக்கோல் பிரியோடு நின்றான். "தாலி கட்டினத யாரு பாத்தது, குமாஸ்தாவே?"

"பாத்தவங்க சாட்சி சொன்னா கல்யாணம். யாரும் இல்லேன்னா, வெச்சிகினு இருந்ததுதான். அப்போ சோத்துக்குத்தான் பாத்தியதை, ஊட்டுல பங்கு கிடையாது." சின்னசாமி சொம்பைக் கீழே வைத்தார். "நான் சட்டத்தச் சொன்னேன். நடந்தது உங்களுக்குத்தான் தெரியும்." காதில் விழக் கூடாதது விழப்போகிறது என்று தெரிந்தவர் போல வேகமாக நகர்ந்துவிட்டார்.

உலகநாதன் கிட்டே வந்தான். அந்தக் கல்யாணத்துக்கு அவனை யாரும் அழைக்கவில்லை. குன்றத்தூர் மலைக்கோயிலில், பந்தல் இல்லாமல், மேளம் இல்லாமல் நடந்தது. குருக்கள் செத்துவிட்டார். தாட்சாயிணியின் தகப்பன் செத்துவிட்டான். அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது.

"இப்ப உசுரோட கீற சாட்சி நீ ஒருத்திதான் அண்ணி" என்றான். "பொய் சொல்லுன்னு நான் சொல்லல. நீ வாயே தொறக்க வோணாம். கோடிப் புடவை போடற நேரத்துல அவளுக்கு வோணாம்னு நான் சொல்றேன், நீ சும்மா இரு. கோடி போட்டா பெண்சாதின்னு ஊரே ஒத்துகினதா ஆயிடும். போடலன்னா கருமாதி முடிஞ்சதும் மூட்டையக் கட்டிகினு கெளம்ப வேண்டியதுதான். நீ இருக்கற மட்டும் ராணி மாதிரி இரு. உனக்கப்புறம் எனக்கு வரட்டும்."

அவன் நோக்கம் பட்டவர்த்தனமாகத்தான் இருந்தது. நாகம்மாளுக்கு அதில் வருத்தமில்லை. தனக்கப்புறம் வீடு நாய்க்குப் போனாலும் சரி, தாட்சாயிணிக்குப் போகக் கூடாது. சும்மா இருந்தால் போதும் என்கிறான். இத்தனை வருஷம் சும்மாதானே இருந்தாள்.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது தாட்சாயிணி பரந்தாமனின் பாதத்தில் ஒட்டியிருந்த வைக்கோல் தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கோ, இன்றைக்கு மட்டும்தான் என்று நாகம்மாள் நினைத்தாள். அப்படி நினைத்தது தித்திப்பாகத்தான் இருந்தது.

நாகம்மாளின் அண்ணன் கங்காதரன் பருத்திப்பட்டிலிருந்து வந்து சேர்ந்தான். பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்திருந்தான். முனையில் மஞ்சள் தடவிய புதுப்புடவை, மடிப்புக் கலையாமல் ஒரு தட்டில் இருந்தது. பாடை தயாராகிவிட்டது, எடுப்பதற்கு முன் கோடி போட வேண்டும் என்றார்கள். ஒப்பாரி நின்றது. பெண்கள் எழுந்து சுற்றி நின்றார்கள்.

"மூத்தவளுக்குப் பொறந்த ஊட்டுலேந்து வந்துடுச்சி" என்றாள் பக்கத்து வீட்டு அங்கம்மா. "இளையவளுக்கு யாரு?"

தாட்சாயிணி தலையைக் குனிந்துகொண்டாள்.

உலகநாதன் வாசற்படியில் நின்றபடி சொன்னான். "அவளுக்கு இன்னாத்துக்குக் கோடி? தாலி கட்டின பெண்சாதிக்குத்தான் கோடி. எங்கண்ணன் அவள வெச்சிகினு இருந்தாரு. அம்புட்டுத்தான். வோணும்னா அண்ணியையே கேளுங்க."

எல்லார் முகமும் நாகம்மாள் பக்கம் திரும்பியது. தாட்சாயிணி திரும்பவில்லை. அவள் கை மட்டும் கழுத்துக்குப் போய்த் தாலியை மூடிக்கொண்டது.

நாகம்மாள் சும்மா இருந்தாள். இன்னும் கொஞ்சம் சும்மா இருந்தால் முடிந்துவிடும். ஆனால் உலகநாதன் சொன்ன அந்த வார்த்தை அவளை விடவில்லை. வெச்சிகினு இருந்தாரு. அப்படியென்றால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷம் எதற்காகப் போனார்? சடங்குக்காகப் போனார், பிள்ளைக்காகப் போனார், தாலி கட்டிவிட்ட பாவத்துக்காகப் போனார், நானே கட்டி வைத்ததால் போனார் என்று சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொரு ராத்திரியும் அவள் கண்ணை மூடியிருக்கிறாள். தாலி இல்லையென்றால் சடங்கும் இல்லை, பாவமும் இல்லை. வெறும் ஆசைக்காகப் போனார் என்று ஆகிவிடும். தாலி கட்டியவளிடம் தோற்றால் அது தலையெழுத்து. தாலியே இல்லாத ஒருத்தியிடம் தோற்றாள் என்று ஊர் பேசுமானால், இந்த வீட்டின் இரண்டு அறையும் தனக்கே கிடைத்துத்தான் என்ன? அந்தச் சொம்பும் அவர் ஆசைப்பட்டுத்தான் பிடித்தார் என்று ஆகிவிடாதா? வீட்டை விட்டாலும் விடலாம், அந்த ஆறுதலை அவளால் விட முடியாது.

"யாரு சொன்னது?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

"அண்ணி, யோசிச்சிகினு பேசு" என்றான் உலகநாதன்.

"யோசிச்சிட்டேன். எம்புருசன் கண்டவ பின்னால போற ஆம்பளன்னு என் எதிர்லயே சொல்றியா? குன்றத்தூர் மலையில, நான் தாலி எடுத்துக் குடுத்து, அவரு கட்டினாரு. ஒரு முடிச்சுதான் அவரு போட்டாரு. மிச்ச ரெண்டு முடிச்சு நாத்தனார் போடணும். உங்க ஊட்டுல பொண்ணு பொறக்கல. அந்த ரெண்டு முடிச்சும் நான் போட்டேன்." அவள் வலது கையை முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தக் கையால போட்டேன். எந்தக் கச்சேரியில வோணும்னாலும் வந்து சொல்றேன்."

அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேப்பமரத்தடியில் சின்னசாமி காதைத் தீட்டிக்கொண்டு நின்றவர், இப்போது பாடையைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார். உலகநாதன் கையிலிருந்த வைக்கோல் பிரியைக் கீழே எறிந்துவிட்டு வெளியே போனான்.

"அதெல்லாம் சரி" என்று கங்காதரன் தட்டைப் பார்த்தான். "ஒண்ணுதானம்மா கொண்டாந்தேன். கடைக்கு ஆள் அனுப்பினாலும் பொழுது பூடும்."

"குடு அண்ணாத்தே."

நாகம்மாள் மடிப்பைப் பிரித்தாள். அந்தக் காலத்தில் புதுப்புடவை என்றால் நீளத்துக்குக் குறைவிருக்காது. ஒரு தலைப்பைத் தாட்சாயிணியின் பக்கம் எறிந்தாள். "குந்து இங்க" என்றாள். தாட்சாயிணி கால்மாட்டிலிருந்து எழுந்து வந்து, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கங்காதரன் இரண்டு பேர் தோளையும் சேர்த்துப் புடவையைப் போர்த்தினான்.

"அக்கா" என்றாள் தாட்சாயிணி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். பேசியவள் உடைந்து, அப்படியே நாகம்மாளின் தோளில் சாயப் போனாள்.

"மேல சாயாதடி. தள்ளிக் குந்து."

தாட்சாயிணி தள்ளி உட்கார்ந்தாள். வாசலில் சங்கு ஊதினார்கள். நாலு பேர் குனிந்து பரந்தாமனைத் தூக்கினார்கள். தாடைத் துணியின் முடிச்சு, நாகம்மாள் போட்டது, உச்சந்தலையில் நிமிர்ந்து நின்றது. இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். நிலைப்படியில் இடித்துவிடாமல் உடல் மெல்லத் திரும்பி, வாசலிலிருந்த பாடைக்குப் போயிற்று.

புடவையின் உள்தலைப்பு தாட்சாயிணியின் தோளில் இருந்தது. சரிகை ஓடிய முந்தானைப் பக்கம் நாகம்மாளின் தோளில் இருந்தது. தாட்சாயிணி விம்மும்போதெல்லாம் புடவை அந்தப் பக்கம் இழுபட்டது. நாகம்மாள் அழுதபடியே, முந்தானை நழுவிவிடாமல் ஒரு கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.